கப்பல் பட்டியலில் விடுபட்ட நாற்பது பேர்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

சுவா துறைமுகத்திலிருந்து ஜியேனி. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நம் பக்கத்து வீட்டு சுசாவ் அத்தை அங்கே வந்து இன்றைய கதையைப் பெரிதாக்கிச் சொல்லும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

காலையில் நம் ரொத்துமா தீவுக்கு வரும் கப்பலில் ஏற வந்தவர்களில் நாற்பது பேரின் பெயர் பட்டியலில் இல்லை. அத்தையும் அவர்களில் ஒருவர்.

"தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போறேன்டி! இவ்வளவு பெரிய உடம்பு உன் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியலியா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

டேட்டாபேஸிலிருந்து பயணிகள் பட்டியலைப் போடும் புரொசீஜர், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகள், நான் எழுதியதுதான். பயணத்தை ரத்து செய்தவர் பெயர் வந்தால், அவரை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். நானோ அங்கேயே வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதனால் அவருக்குப் பின்னால் இருந்த யாரையும் அது பார்க்கவேயில்லை. 'எக்ஸிட்' என்று எழுதியிருந்ததை 'கன்டினியூ' என்று மாற்றினேன். நாற்பது பேரும் பட்டியலில் வந்துவிட்டார்கள்.

"ஒத்த வார்த்தைக்கா எங்கள வெயில்ல காய வெச்சே?" என்று சிரித்துக்கொண்டே அத்தை ஏறினார். எனக்கும் நிம்மதி.

கப்பல் திரும்பும்போது ஆரஞ்சுப் பழம் அனுப்புங்கள். கூடை நிறைய வேண்டாம், பத்துப் போதும். பங்கு கேட்க இங்கே யாருமில்லை.

கப்பல் ஏணியை எடுக்கப்போகிறார்கள், அத்தை மேலிருந்து கடிதத்துக்குக் கையை நீட்டுகிறார்.

உங்கள் மகள்,
ஜியேனி