கோடு ஆடேல்லையாம்

இன்று காலை லாஞ்ச் படகில் வந்த தபாலுக்குள் கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தது. தாளின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே நேர்கோடு. "ஆறு மாதமும் கோடு ஆடேல்லை. அப்பப்பாவுக்குக் காட்டுங்கோ" என்று மூத்த பேத்தி எழுதியிருக்கிறாள். எப்படிக் காட்டுவது? நீங்கள் போய் இரண்டு மாதமாகிவிட்டது.

பேரப்பிள்ளைகளில் ஒருத்தன் கொழும்பில் வங்கி உத்தியோகம், ஒருத்தி டொக்டருக்குப் படிக்கிறாள். தாய் தகப்பனை இழந்து நம்மிடம் வளர்ந்த மூத்தவள் ஒஸ்ரேலியாவில் விஞ்ஞானி. நீலக்கல் இனத்துத் துண்டொன்றை, ஐஸே சூடென்று சொல்லத்தக்க குளிரில் வைத்து, நேரத்தை நுட்பமாய் அளக்க அதன் துடிப்பை எண்ணுகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்க எழுதியிருந்தாள்: துடிக்கவைப்பது பெரிதல்ல, மாதக்கணக்கில் அந்தத் துடிப்பு மாறாமல் நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. மாறினால் தாளில் கோடு ஆடும். நடுவில் குளிர் விட்டுப்போனால் திரும்பவும் முதல் நாளிலிருந்து.

அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். நோய் வருத்தம் முற்றிப் படுக்கையில் கிடந்தபோது, நான் அவளுக்கு எழுத உட்கார்ந்ததும் தடுத்தீர்கள்.

"எழுதாதையும். பிள்ளை போட்டது போட்டபடி ஓடி வந்திடுவாள்."

"பிறகு என்னையெல்லோ ஏசுவாள்."

"லாஞ்ச் எஞ்சினை நடுக்கடலில நிப்பாட்டினாலும் திருப்பி எடுக்கலாம். அவளின்ர அலுவலுக்கு அது ஏலாது. முடிஞ்சாப் பிறகு சொல்லும்."

முப்பது வருடம் லாஞ்ச் ஓட்டியவர், தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த கிழமை கண்ணை மூடினீர்கள். அவளுக்குத் தந்தி அடித்தாயிற்று என்று ஊருக்கெல்லாம் பொய் சொன்னது நான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் உங்கள் தங்கச்சி கேட்டாள்: "பேத்தி கல்லுக்குக் காவலோ மச்சாள்? கல்லு என்ன, எழும்பி ஓடப்போகுதே?" பந்தியே சிரித்தது. நான் அடுத்த இலைக்குச் சோறு போட்டேன். வளர்த்தவரின் சாவுக்கு வராதவள் என்ற பெயர் பிள்ளைக்கு.

தாளில் நாள் குறித்திருக்கிறது. நீங்கள் போன நாளைத் தேடி விரல் வைத்தேன். அங்கேயும் கோடு நேராகத்தான் போகிறது. பார்க்கப் பார்க்க உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. தாளோடு நேரே உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

"பிள்ளைக்கு இன்னும் தெரியாது. சொல்லவேண்டாமெண்டது உன்ர அண்ணை. மறைச்சது நான். இனி என்னை ஏசு."

"முதலே சொல்லியிருக்கலாமே, மச்சாள்."

"நீ எங்க கேட்டனி? சிரிச்சனியெல்லோ."

வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுதினேன். முதல் வரியிலேயே உங்கள் சாவு. முடிவில், வழக்கம்போல் உன்னுடைய புதுப்படம் எடுத்து அனுப்பு என்று எழுதப் போனேன்; இதை மறைத்தவள் எந்த முகத்தோடு கேட்பது என்று விட்டுவிட்டேன். அவள் ஏசி எழுதுவாள். எழுதட்டும். உங்கள் பங்கையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.