முதுகு காட்டியவன்

அன்பு நண்பா சாலமா,

நாளை மாலை மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் எனது கடைசிப் பிரச்சாரக் கூட்டம். எனக்கு எதிராக நிற்பது நீ என்பதால் உன்னைத் திட்டியாக வேண்டும்.

"பார்டர்ல சண்டை வந்தப்ப முதுகு காட்டி ஓடினவன்னு சொல்லுங்க. கூட இருந்த மிலிட்டரிக்காரர் நீங்க சொன்னாதான் ஜனம் நம்பும்" என்கிறார் ஒன்றியச் செயலாளர். தலையாட்டிவிட்டேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

இன்று உப்பளத்துக்கு ஓட்டுக் கேட்கப் போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்த செல்லம்மாள் என் கட்டைக்காலைப் பார்த்து, "ஏம்பா, காலு போனப்பறம் அங்கேர்ந்து எப்படி வந்தே?" என்றாள். கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

நாளை அந்தப் பக்கம் வராதே. உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. வீட்டு ஜன்னலையும் சாத்திவை. எங்கள் மைக் செட் உன் எக்கியார்குப்பம் வரை கேட்கும்.

இப்படிக்கு,
அன்று உன் முதுகில் வந்தவன்