வெற்றுப் படிவத்தில் என் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்
என் கணவரின் கண் அறுவை சிகிச்சைக்காக ஒன்பது நாள் விடுப்பு. இன்று திரும்பினேன். கையெழுத்திட்டு இழுப்பறையில் வைத்துப்போன இருபது வெற்றுப் படிவங்களில் ஆறு மீதம். வேலை தேங்கக் கூடாதென்று எங்கள் வாகனச் சோதனைப் பிரிவில் எல்லோரும் செய்வதுதான். 'வாகனத்தை நேரில் பார்த்தேன். பிரேக் சரி' என்ற அச்சு வரிக்குக் கீழே என் பெயர். மற்றதைக் குமாஸ்தா நிரப்புவார். நாங்கள் அவரை 'ஸ்டாம்பு' என்போம்.

மார்ச் 6
பள்ளிப் பேருந்து ஒன்று பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியது. நல்லவேளை, பிள்ளைகள் இறங்கிவிட்டிருந்தார்கள். ஓட்டுநரின் வலது காலை எடுத்துவிட்டார்கள். தகுதிச் சான்றிதழ் பிப்ரவரி 26. என் கையெழுத்து. அன்று நான் மருத்துவமனையில் இருந்தேன்.

மார்ச் 7
ஸ்டாம்பு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.
"வண்டி ஓடித்தானே வந்துச்சு மேடம். எப்பவும்போலத்தான் நிரப்பினேன்."
எப்பவும்போல. அதுதானே.

மார்ச் 10
பெரிய அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.
"நீங்கதான் லீவுல இருந்தீங்களே. கையெழுத்து என்னுது இல்லைன்னு எழுதிக் குடுங்க. முடிஞ்சுது."
"அப்ப ஸ்டாம்பு?"
"போலிக் கையெழுத்துன்னு கேஸ் ஆகும். அது அவர் பாடு."
"என்னுதுன்னு சொன்னா?"
"சர்வீஸே போயிடும்மா. இருபத்தாறு வருஷம்!"

மார்ச் 11
விதிப் புத்தகத்தை நாலு முறை படித்தேன். அறியாமல் செய்தால் கவனக்குறைவு. சம்பள உயர்வு நிற்கும். பொய் என்று தெரிந்தே சான்றளித்தால், ஒரு காசு வாங்காவிட்டாலும், கடும் ஒழுங்கீனம், பணிநீக்கம். எனக்குத் தெரியாதா? எந்த வண்டி வரும் என்று தெரியாது. பார்க்கமாட்டேன் என்று தெரியும் — கையெழுத்துப் போடும்போதே தெரியும்.

மார்ச் 12
கணவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்துகொண்டு, "எத்தனை தடவை எழுந்து நடப்பே? எனக்குக் கண்ணுதான் கட்டியிருக்கு, காது இல்ல" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.
"வீட்டுக் கடன் இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்றார். பிறகு, "அந்த ஸ்டாம்புக்குப் பிள்ளைங்க எத்தனை?"
மூன்று.

மார்ச் 13
இழுப்பறையைத் திறந்து மீதிப் படிவங்களை மறுபடி எண்ணினேன்: ஆறு.

மார்ச் 14
விசாரணை. சான்றிதழை என் பக்கம் தள்ளினார்கள். "இது யார் கையெழுத்து?"
"என்னுடையது. இதேபோல் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் இன்னும் ஆறு இழுப்பறையில் இருக்கின்றன."
பெரிய அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஆறா?" என்றார்.

மே 20
பணிநீக்க உத்தரவு வந்தது. ஸ்டாம்புக்கு எச்சரிக்கையும் இடமாற்றமும். போனில் அழுதார். சீக்கிரம் வைத்துவிட்டேன்.

மே 23
ஓட்டுநரின் வீட்டைத் தேடிப் போனேன். ஊன்றுகோலை நகர்த்தி, உட்காரச் சொன்னார். யாரென்று சொன்னேன். அவர் கேட்டார்:
"வண்டியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"
"ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். பிரேக் குழாய் கசிஞ்சிருக்குன்னு அப்புறம் வண்டியப் பாத்தவங்க சொன்னாங்க."
"நான் வேகமா ஓட்டினேன்னுதான் முதலாளி சொல்றாரு. நஷ்டஈடு கிடையாதாம்." என்னை நேராகப் பார்த்தார். "இத எழுதித் தருவீங்களா?"
அவருடைய மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவருக்குப் படித்துக் காட்டினேன். அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.