அவன் பாய்ந்தானா

ஜூன் 8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. எனக்குக் கடை வேலை உண்டு. கரவனெல்ல பஸ் தாமதம், குடைக் கம்பி ஒன்று உடைந்தது.

நேற்று எஹலியகொட டீமை ஜெயித்தோம். 1-0. கோல் நான் அடித்தது. எங்கள் தோட்டத்து டீம் மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. இதுவரை நடக்காத காரியம். கோயில் வாசலில் பட்டாசு. கேப்டன் ரவி அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு லயம் லயமாக, வரிசை வீடுகளையெல்லாம் சுற்றினார்கள். ரப்பர் வெட்டுகிற மனிதர், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த டீமில் ஆடுகிறவர். அழுதார். பிறகு என்னையும் தூக்கினார்கள். இறங்கியபோது ஒரு செருப்பைக் காணோம்.

எல்லாம் சரி. ஆனால்.

இடது காலால் அடித்த பந்து அது. சரியாகப் படவே இல்லை, கணுக்காலில் பட்டு உருண்டது. எஹலியகொட கோல் கீப்பர் பாய்ந்தான், பிந்திப் பாய்ந்தான். ஆட்டம் முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். முகத்தில் சிரிப்பு. அவர்கள் ஜெயித்திருந்தால் அவர்கள் மேலே போயிருப்பார்கள். தோற்றவனுக்கு என்ன சிரிப்பு?

இன்னொன்று. அவர்களுடைய நல்ல ஆட்டக்காரன், ஒன்பதாம் நம்பர், முழு ஆட்டமும் வெளியே உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். காலில் அடி என்றார்கள். முடிந்த பிறகு வேனுக்கு ஓடித்தான் ஏறினான், நான் பார்த்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கடையில் சிமெந்து வந்தது, இறக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஹாட்வெயார் கடைக்கு வருகிற எல்லோரும் கைகொடுக்கிறார்கள். முதலாளி பிளேன்டீ வாங்கித் தந்தார். அடுத்த வாயிலேயே, சனிக்கிழமை லீவு மட்டும் கேட்காதே என்றார்.

மாமியார் போன் பண்ணினார். மேல் டிவிஷனுக்குப் போகிறோம் என்று யாரோ சொன்னார்களாம். தோட்டத்து மேல் டிவிஷன் லயத்துக்கு நாங்கள் வீடு மாறுகிறோம் என்று நினைத்துவிட்டார். அங்கே தண்ணீர் கஷ்டம், போகவேண்டாம் என்று புத்தி. என் மனைவி மல்லிகா விளக்கிச் சொல்லவே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர், சிங்களத்தில். தோட்டத்து டீம் என்று காதில் விழுந்தது. மழைச் சத்தம். பிறகு "தீலா" என்ற சொல் மட்டும் தெளிவாக. கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எதைக் கொடுத்தார்கள்? யார்? தலையை முன்னால் நீட்டினேன், பேச்சு மாறிவிட்டது.

ஜூன் 11, வியாழன்

மச்சான் போனில் எடுத்த வீடியோ. இன்றைக்கு எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. கீப்பரின் வலது கால் முதலில் தவறான பக்கம் போகிறது. ஏமாந்தானா, வேண்டுமென்று வைத்தானா? கோல் விழுந்த இடத்தில் மச்சான் துள்ளிக் குதித்துவிட்டான், படத்தில் வானமும் வேலியும்தான் தெரிகிறது. இவனும் சரியாக அந்த நேரம் பார்த்தா குதிக்கவேண்டும்?

மல்லிகா: "அந்த ஒரு கோலத்தான் எத்தன தடவ பாப்பீங்க?" பெருமையில் பார்க்கிறேன் என்று நினைக்கிறாள்.

வீடியோவின் ஆரம்பத்தில் ஒரு விஷயம். ஆட்டத்துக்கு முன்னால், வேன் பக்கத்தில், ரவி அண்ணனும் எஹலியகொட மேனேஜரும். நீண்ட பேச்சு. மேனேஜர் அண்ணனின் தோளில் கை போடுகிறார். அண்ணன் தலையை ஆட்டுகிறார். இதை எங்களிடம் அவர் சொல்லவில்லை.

ரவி அண்ணனை நான் சந்தேகப்படுகிறேனா? எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மனமில்லை.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். ஆச்சரியம். துணிகள் காய்ந்தன.

பிரக்டிஸ். கோச் நிமல் சேர் இரண்டாம் டிவிஷனைப் பற்றிச் சொன்னார். குருநாகல், கொழும்புப் பக்கம் எல்லாம் போய் ஆடவேண்டும். விடிய முன் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் வீடு. ஆள் குறைந்தால் ஆட்டமே அவர்களுக்கு. வருகிறோமா இல்லையா என்று லீக்குக்கு அடுத்த வாரத்துக்குள் சொல்லவேண்டும். பையன்கள் எல்லாம் வருகிறோம் வருகிறோம் என்று சத்தம். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேரைத் தனியாகப் பிடித்தேன். அந்தக் கீப்பர் அன்றைக்குச் சரியில்லை, இல்லையா சேர் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். பந்து கோட்டைத் தாண்டியதா என்று திருப்பிக் கேட்டார். தாண்டியது என்றேன். அப்படியானால் அது கோல் என்று சொல்லிவிட்டு விசிலைத் தேடப் போய்விட்டார். விசில் அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இவருக்கும் தெரியும்.

ஜூன் 17, புதன்

கடைக்கு லீவு சொன்னேன், வயிற்று வலி என்று. மல்லிகாவிடம் கடை வேலையாக அவிசாவளை போகிறேன் என்றேன். இரண்டும் பொய். அவிசாவளையில் பஸ் மாறி எஹலியகொட.

விசாரித்ததில் கீப்பரின் பெயர் மோகன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் அவன் மாமாவின் பழக்கடையில் நிற்கிறான். ரம்புட்டான் குவியல், ஈ. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். திரும்பவும் அதே சிரிப்பு. ஒருவேளை அவன் முகமே அப்படித்தானோ என்று அப்போதுதான் தோன்றியது. இருந்தாலும் கேட்டேன். நேராக: விட்டுக்கொடுத்தீர்களா?

அவன் சிரிப்பு போய்விட்டது. மாமா இருக்கும் பக்கம் பார்த்தான். பிறகு என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னான்.

அவர்கள் ஏற்கனவே ஒரு வருஷம் இரண்டாம் டிவிஷனில் ஆடியவர்கள். தூரத்து ஆட்டங்களுக்காக லீவு எடுத்து எடுத்துச் சிலருக்கு வேலை போனது. சிலர் வேலைக்காக ஆட்டத்தை விட்டார்கள். கடைசியில் ஒன்பது பேரோடு போய் நின்று, ஒவ்வொரு வாரமும் அடி வாங்கி, கீழே வந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றாகப் படித்த பையன்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அதனால் இந்தத் தடவை மேனேஜரும் பெரியவர்களும் கூடி முடிவெடுத்தார்கள், மேலே போவதில்லை என்று. ஒன்பதாம் நம்பரை உட்காரவைத்தது அதற்குத்தான். இவனுக்கும் சொல்லியிருந்தார்கள்.

"அப்ப எம் பந்த நீங்க விட்டுட்டீங்க" என்றேன்.

"இல்லீங்க. அதுக்கு நான் பாஞ்சேன்."

"சொல்லியிருந்தாங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"சொன்னாங்க. பந்து வந்தா கைக்கு அதெல்லாம் தெரியுமா? பாஞ்சேன், எட்டல." இடது கைச் சின்ன விரலைக் காட்டினான். கட்டுப் போட்டிருந்தது. அன்றைக்குக் கோல் கம்பத்தில் இடித்ததாம்.

பழப்பெட்டி தூக்குகிறவனுக்கு விரலில் அடி படுவது பெரிய விஷயமா? இதையும் யோசித்தேன். யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கிளம்பும்போது அவனாகவே ஒன்று சொன்னான். "ஒங்க கேப்டனுக்கு எங்க மேனேஜர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நாங்க வரல, நீங்களும் போகாதீங்க, எங்கள மாதிரி ஆயிருவீங்கன்னு."

ஒரு கொத்து ரம்புட்டான் தந்தான். பஸ்ஸில் ஒன்று உரித்தேன். புளிப்பு.

ஜூன் 18, வியாழன்

ரம்புட்டானை எஹலியகொடையில் வாங்கினீர்களா என்று மல்லிகா. அவளுடைய சித்தி மகன் அந்த லைனில் கண்டக்டர், மறந்தே போனேன். அவிசாவளை என்று சொன்னவர் எஹலியகொடையில் இறங்கியது நேற்று இரவே அவளுக்குத் தெரியும். சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. சந்தேகப்படுகிற வேலை என்னுடையது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு:

"நீங்க அடிச்சது கோலா இல்லையான்னு அந்த ஆள்ட்ட போய் கேட்டீங்களா? கூட ஆடுன ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல."

இருவரும் ரம்புட்டான் சாப்பிட்டோம்.

ஜூன் 20, சனி

மழை. கடை முடிந்து நேராக ரவி அண்ணன் வீடு. ஓலைப்பாயில் பூட்ஸைக் கழற்றிப் போட்டு ஆணி பார்த்துக்கொண்டிருந்தார். மோகனிடம் போனதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பூட்ஸைக் கீழே வைத்தார்.

"அந்த மேனேஜர் சொன்னாரு" என்றார். "நம்ம பயலுககிட்ட அத நான் சொல்லியிருந்தா அன்னைக்கி ஒருத்தன் காலாவது ஓடியிருக்குமா?"

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமுல்ல, அண்ணே?"

பூட்ஸை மறுபடி கையில் எடுத்தார். வாசலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். தன் மகன் அன்றைக்குத் தன்னைத் தோளில் தூக்கிவந்தான், அவன் முகத்தைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை என்றார். பிறகு: "நாளைக்கி கூட்டம். நான் சொன்னா போக வேணாம்னு நானே சொல்ற மாதிரி ஆயிரும். நீ சொல்லு. கோல் அடிச்சவன் சொன்னா கேப்பாங்க."

சொன்னால் டீம் உடையும். சொல்லாவிட்டால் குருநாகலில் போய் உடையும். வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு தடவை சறுக்கினேன்.

ஜூன் 21, ஞாயிறு

கூட்டம் வாசிகசாலையில். எல்லோரும் வந்தார்கள். சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நம்பர், மேனேஜர், வேலை போன பையன்கள், எல்லாம். மோகன் பாய்ந்தேன் என்று சொன்னதையும். அதை நம்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. லெப்ட் பேக் ஆடுகிற சிவா கதவுப் பக்கம் போய் நின்றான், ஆனால் வெளியே போகவில்லை. தனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது என்றான். என் கோலாயிற்றே என்றுதான் பேசாமல் இருந்தானாம். இன்னும் இரண்டு பேர் அதையேதான் சொன்னார்கள். எனக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள், அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நான். இரண்டு வாரம் இப்படியே பந்து உதைத்திருக்கிறோம்.

நிமல் சேர் தமிழில்தான் பேசினார், மெதுவாக, சொல் தேடி. தனக்கும் சந்தேகம் இருந்தது என்று ஒத்துக்கொண்டார். பிறகு: "தெரியாம போறது வேற. தெரிஞ்சு போறது வேற. இப்ப யாரு வாறது?"

கை தூக்கச் சொன்னார். மூன்று பேர் தூக்கவில்லை. ஒருவனுக்குக் கார்மென்ட்ஸில் புதிய வேலை, ஒருவனுக்குக் கைக்குழந்தை. மூன்றாமவன் காரணம் சொல்லவில்லை. அவர்களை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது, ரோட்டில் கண்டால் பேசவேண்டும் என்று அண்ணன் எல்லோரிடமும் வாக்கு வாங்கினார். மற்ற எல்லோரும் தூக்கினார்கள்.

நான் தூக்கினேனா? கொஞ்சம் பிந்தி.

ஜூலை 13, திங்கள்

உடம்பு முழுக்க வலி. காய்ச்சல் மாதிரி. கடைக்குப் போனேன், முதலாளி முகம் கொடுக்கவில்லை. பிரக்டிஸுக்குச் சனி லீவு கேட்டதன் விளைவு.

நேற்று குருநாகல் பக்கம் முதல் ஆட்டம். 3-0, தோல்வி. மைதானம் தட்டையாக, புல்லோடு, முடிவே இல்லாததுபோல். எங்களுடையது போல் ஒரு பக்கம் சரிவு இல்லை. உதைத்த பந்து போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் ஆட்கள் உயரம், வேகம். முதல் கோல் நாங்கள் மூச்சு வாங்கும் முன். இடைவேளைக்குள் இரண்டு.

இரண்டாம் பாதியில் ஒன்று கவனித்தேன். என்னோடு இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். ஏன் இரண்டு பேர் என்று முதலில் சந்தேகம். ரவி அண்ணன் பக்கத்தில் ஓடி வந்து, மூச்சு வாங்க, "ஒனக்குப் பயப்படுறானுக" என்று சொல்லிவிட்டு ஓடினார். இருக்காது. இருக்கலாம். சிவா ஒரு பந்தைக் கம்பத்தில் அடித்தான். கம்பம் ஆடியதைக் கண்ணால் பார்த்தேன். அவர்களுடைய கோச் எழுந்து நின்று தன் ஆட்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். எங்களுக்குப் பயந்து ஒருவர் அப்படித் திட்டியதை இதற்கு முன் கேட்டதில்லை.

வேனில் எல்லோரும் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தோம். கேகாலை தாண்டிய பிறகு சிவா அந்தக் கம்பத்தைப் பற்றி ஆரம்பித்தான். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்.

மல்லிகா கதவைத் திறந்தாள். எத்தனை என்று கேட்டாள். மூன்று என்றேன்.

"விட்டுக்குடுத்தீங்களா?"

"இல்ல. அவங்களே எடுத்துக்கிட்டாங்க."

சுடுதண்ணீர் வைத்துத் தந்தாள். வரும் ஞாயிறு எங்கள் மைதானம். ஆள் பதின்மூன்று, மழை பெய்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது.

மூன்றாவது கோல் ஆப்சைட். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.