கோட்டும் ஜீன்ஸும் போட்டு வந்த மாப்பிள்ளை

காஞ்சிபுரம், ஞாயிறு இரவு, 1974

இன்று என்னைப் பெண் பார்க்க வந்தவர் ஐந்தாவது மாப்பிள்ளை. கோட்டுக்குக் கீழே வெளுத்த ஜீன்ஸும் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்தார்.

“இன்னா தம்பி, பாதி டிரெஸ்ஸ மெட்ராஸ்லயே வுட்டுட்டு வந்துட்டியா?” என்றார் மாமா.

“மோட்டார் சைக்கிள்ல வந்தேங்க. கோட்டு உங்க மரியாதைக்கு, மத்ததெல்லாம் வண்டிக்கு” என்றார் அவர்.

காபித் தட்டோடு நின்ற நான் சிரித்துவிட்டேன். முன்பு வந்த நான்கு பேர் எதிரில் நான் தலை நிமிர்ந்ததுகூட இல்லை.

அவர் போனதும், வேண்டாம் என்று எழுதிவிட அப்பா இன்லண்டு லெட்டரை எடுத்தார். என்னை யாரும் கேட்கவில்லை. டம்ளர் கழுவிக்கொண்டே, “எனக்குப் புடிச்சிருக்குதுப்பா” என்றேன்.

மாமா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா லெட்டரைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அலுப்பாக இருக்கிறது. இன்னொருவர் முன்னால் போய் நிற்க இனி என்னால் முடியாது.