அனுப்பிட்டேன் என்று சொன்ன டெண்டர்

திங்கள். காலையிலேயே வெயில். ஆபீஸ் ஃபேன் சுற்றுகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பில் வைஃபை இல்லை. மொபைலில் வருகிறது. லேப்டாப்புக்கு மட்டும் என்ன கேடு? மின்கம்பத்துப் பீங்கான் டெண்டர் புதன் மூன்று மணிக்குள் ஏற வேண்டும். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து இந்த லேப்டாப்பில்தான் போட முடியும்.

மதியம், டெண்டர் போயிடுச்சா என்று முதலாளி கேட்டார். "அனுப்பிட்டேன் சார்." ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது. சேர்ந்து மூன்று மாதம்தான். இந்த வேலை போனால் பாப்பாவோடு வேப்பூரில் அண்ணன் வீட்டில் போய் நிற்க வேண்டும். எத்தனை நாளைக்கு என்று அண்ணி வாசலிலேயே கேட்பாள்.

வாங்க வேண்டியவை: பால், சோப்பு, பாப்பாவுக்கு வெள்ளை ரிப்பன்.

செவ்வாய். புழுக்கம். தூக்கமில்லை.

செய்து பார்த்தவை: ஆஃப் பண்ணி ஆன். வைஃபை பெட்டியைப் பிடுங்கிச் சொருகியது. கண்ட பட்டனையும் அழுத்தியது. கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டலாமா என்றுகூட யோசனை. யார் மேல் எழுதுவது, என் மேலேயா?

ஆர்டர் வந்தால் இரண்டாவது சூளையையும் பற்ற வைக்கலாம் என்று முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். நான் டம்ளரோடு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன். "முன்பக்க ஓரத்துல சின்னதா ஸ்விட்சு இருக்குதா பாருங்க மேடம். அது ஆஃப் ஆனா வைஃபையே வராது."

இருக்கிறது. நகரவில்லை.

புதன். மேகமூட்டம்.

ஸ்விட்ச் பள்ளம் முழுக்கக் காய்ந்த களிமண். காரணம் நான்தான். தூள் பறக்கும் என்று இங்கே எல்லாவற்றையும் ஈரப் பஞ்சால்தான் துடைப்பார்கள். இன்னும் சுடாத பச்சைப் பீங்கானில் பிசிறு துடைக்கும் மலர்க்கொடி அக்காவிடம் சனிக்கிழமை லேப்டாப்பையும் துடைக்கக் கொடுத்தேன். பஞ்சு ஸ்விட்சைத் தள்ளி, களிமண்ணையும் பூசிவிட்டது.

மலர்க்கொடி அக்காவே மெல்லிய பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். "ஏன் இப்புடி பயப்படுற? சார்கிட்ட சொல்லிடேன்." முடியாது என்றேன்.

ஸ்விட்ச் நகர்ந்தது. விளக்கு நீலம். வைஃபை அப்போதும் இல்லை. மணி 1.50. அழுதுவிட்டேன். மறுபடி கடைக்காரருக்குப் போன். ஏரோபிளேன் மோடு ஆனில் இருக்கிறதா என்றார். இருந்தது. நேற்று அழுத்திய பட்டன்களில் ஏதோ ஒன்றின் வேலை. எடுத்ததும் வந்துவிட்டது.

2.40: டெண்டர் ஏறிவிட்டது. சாமி.

2.55: முதலாளி வந்தார். திங்கட்கிழமை அனுப்பினதுக்கு ரசீது வேண்டுமாம், ஃபைலில் வைக்க. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மேலேயே இன்றைய தேதி, நேரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திட்டியிருந்தால் தேவலை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில சீட்டுல உக்கார்றதுக்கு முன்னாடி என்னை வந்து பாரும்மா."