விடுதி என்று சொல்லிவிட்டேன்

மார்ச் 3

மோயா, என் எலிக்குட்டி, இன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். உங்கள் தீவுக்கு வானொலியில் வாசிக்கக் கொடுக்கிற செய்தியை முதலில் எழுதிப் பார்க்கலாம் என்று. ஆறாவதோடு நிறுத்தியவள், எழுதினால் விரல் வலிக்கிறது. செய்தி இரண்டு வரிதான். மீதித் தாள் சும்மா கிடக்கிறதே என்று உன்னிடம் பேசுகிறேன்.

ஏப்ரல் பதினெட்டில் உன் மகளுக்கு ஒரு வயது. அன்றைக்கு நான் இந்த பெஷியோவில் இல்லாமல், உங்கள் டமானாத் தீவில் இருக்க வேண்டும். அது மட்டும்தான் தெரியும். எதில் போவது, எங்கே படுப்பது, உன் நாத்தனார் டெபோரங்கா முகத்தில் எப்படி விழிப்பது, ஒன்றும் தெரியவில்லை. உன் புருஷன் கபுனாரே வெளிநாட்டுக் கப்பலில் இருக்கிறான், அடுத்த வருஷம்தான் வருவான். அதுவரைக்கும் அந்த வீட்டில் டெபோரங்கா வைத்ததுதான் சட்டம். குழந்தையும் அவள் கையில்.

மார்ச் 5

விமானம் ஆகாது. மூட்டையை நிறுத்துவதுபோல ஆளையும் தராசில் ஏற்றுகிறார்கள். நான் எண்பத்தொரு கிலோ. என் மூட்டை இருபத்தாறு. அந்தப் பையன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா, ஒண்ணு நீங்க போகலாம், இல்ல உங்க அரிசி போகலாம்." வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அரிசி இல்லாமல் முதல் வயது விருந்துக்கு எப்படிப் போவது? வெறுங்கையோடு வந்தாள் பெஷியோக்காரி என்பார்கள். கப்பல்தான்.

மார்ச் 6

கப்பல் இருபத்தொன்றாம் தேதி. மேல்தளத்தில் என் தாழம்பாய் அளவுக்கு இடம். நடுவில் நாலு தீவில் நிற்கும். நின்றால் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். "நிக்கிற வரைக்கும்" என்றான் சீட்டுக்காரன்.

பிறகு கேட்டேன். "கைக்குழந்தைக்கு இடம் தனியா வாங்கணுமா?"

"மடியில இருக்கப் போவுது. போறப்பவா, வர்றப்பவா?"

"வர்றப்ப மட்டும்."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "அப்ப பாத்துக்கலாம்" என்று எழுதாமல் விட்டான்.

உன்னிடம் மறைத்து என்ன. குழந்தையைக் கூட்டிவரத்தான் போகிறேன். அம்மா போனபோது உனக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. மீன் விற்ற காசில் உன்னை ஆளாக்கினேன். உன் மகள் வேறு யாரிடம் வளர வேண்டும்? நம்மிடத்தில் அம்மாவின் அக்காவும் அம்மாதானே?

மார்ச் 9

வானொலி நிலையத்துக்குப் போனேன். போன ஏப்ரலில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு வானொலியில் என் பெயர் வந்தது. பெஷியோவில் இருக்கும் கினாய்க்கு, டமானாவிலிருந்து. பிள்ளை பிறந்தது, தாய் தங்கவில்லை. அவ்வளவுதான், அடுத்து யாருக்கோ சிமெண்டு வந்து இறங்கிய செய்தி.

செய்தி வாங்குகிற அம்மாள் என் தாளைப் படித்தாள். "இருபத்தோராம் தேதிக் கப்பல்ல வர்றீங்க, பிறந்தநாளுக்கு. சரி. எங்க தங்குறீங்கன்னு இல்லையே?"

நான் அதை யோசிக்காமலா இருந்தேன்? டெபோரங்கா வீட்டில் என்று எந்த வாயால் சொல்வது? அவர்கள் கூப்பிடவில்லை. உன் கல்யாணத்தன்று அவள் முகத்துக்கு நேராக, "உங்க தீவுல என் கால் படாது" என்று சொன்னவள் நான். மறுமாசம் ஆள் மூலமாகவும் அதையே சொல்லி அனுப்பினேன். கோபம். உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்களே என்கிற கோபம்.

பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். "கவுன்சில் விடுதி" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. யாருக்கும் தொந்தரவு இல்லை.

மார்ச் 10

காலையிலேயே பக்கத்து வீட்டு ரெரேபாட்டி துணி துவைத்த கையோடு வந்து நின்றாள்.

"அடியே கினாய், உனக்குப் புத்தி கித்தி இருக்கா? விடுதியில யாருடி தங்குவா? ஊசி போட வர்ற டாக்டரு, ரோடு அளக்க வர்ற அதிகாரி, படம் பிடிக்க வர்ற வெள்ளக்காரன். உறவு இருக்கறவ தங்குவாளா? அத்தனை தீவுக்கும் கேக்கற மாதிரி, நீங்க எனக்கு யாருமில்லன்னு சொல்லிட்டியே!"

"தொந்தரவு வேண்டாமேன்னுதான்…"

"தொந்தரவு குடுக்கலன்னா என்னடி உறவு?"

போகிறபோது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "வேலையா வர்றவதான் விடுதிக்குப் போவா. இவளுக்கு இங்க என்ன வேலைன்னு அவங்க யோசிக்க மாட்டாங்களா?"

எனக்கு வேலை இருக்கிறதே. அது எப்படி அவள் வாயில் வந்தது?

மார்ச் 11

தூக்கம் இல்லை.

மார்ச் 13

மத்தியானம் தெருவே கேட்டது. எனக்குப் பதில் வந்துவிட்டது. ரெரேபாட்டி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதைத் திருப்பித் திருப்பி மனசுக்குள் சொல்லிப் பார்த்ததால் அப்படியே எழுத முடிகிறது.

"டமானா டெபோரங்காவிடமிருந்து பெஷியோ கினாய்க்கு. விடுதிக்குச் சுவரும் உண்டு, பூட்டும் உண்டு. எங்கள் வீட்டுக்கு இரண்டும் கிடையாது. உங்கள் சௌகரியம்போல."

மீன் வாங்க வந்த ஒருத்தி, "என்னக்கா, சாவி வந்துச்சா?" என்றாள். மீதிச் சில்லறையைக் கீழே போட்டுவிட்டேன்.

மார்ச் 16

நாலு தாள் கிழித்தேன். 'உங்கள் வீட்டிலேயே தங்குகிறேன்' என்று எழுதினால், கூப்பிடாத வீட்டில் நானே பாய் விரிப்பதாகும். 'மன்னிக்கவும்' என்று எழுதினால், எதற்கு என்று ஊர் கேட்கும். இரண்டு பொம்பளைகள் வானொலியில் சண்டை போட்டால் எல்லாத் தீவுக்கும் கொண்டாட்டம்தான்.

போகாமலே இருந்துவிட்டால்? 'உடம்பு சரியில்லை' என்று ஒரு வரி. முடிந்தது.

இல்லை. போகணும்.

மார்ச் 20

கப்பல் நாளைக்கு இல்லை. இயந்திரத்தில் ஏதோ உடைந்ததாம். எப்போது என்றால் தோளைக் குலுக்குகிறார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உடனே அழுகை. என்ன பொம்பளை நான்?

மார்ச் 29

ஏப்ரல் நாலு என்கிறார்கள். கடல் ஐந்து நாள், ஆறு நாள் என்று வைத்தாலும் பத்தாம் தேதி. எட்டு நாள் மிச்சம். இன்னொரு தடவை உடைந்தால் எல்லாம் போச்சு.

மூட்டையைப் பிரித்து மறுபடி கட்டினேன். அரிசி, மாவு, சர்க்கரை, ஊர்ப் பெரியவர்களுக்குப் புகையிலைச் சுருள், குழந்தைக்கு மஞ்சள் கவுன். கொசுவலை பெரியதாக எடுத்திருக்கிறேன். இரண்டு பேர் படுக்கிற அளவு. ரெரேபாட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். தானே மடித்து மூட்டைக்குள் வைத்தாள்.

ஏப்ரல் 4

ஏறிவிட்டேன். பக்கத்துப் பாயில் ஒரு பன்றிக்குட்டியும் அதன் சொந்தக்காரரும்.

ஏப்ரல் 7

வாந்தி. இரண்டாவது தீவில் ஒரு நாள் முழுக்க நின்றோம். எல்லாரும் அவரவர் இறங்கும் இடத்தைச் சொல்கிறார்கள். சித்தி வீடு, மாமனார் வீடு, தம்பி வீடு. ஒரு பெண் என்னைக் கேட்டாள், நீங்க யார் வீட்டுக்கு? தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீ இதே கப்பலில்தானே போனாய்? ஏழு மாசம் கழித்துப் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாய். அப்போதாவது நான் கிளம்பியிருக்க வேண்டும். மீன், உப்பு, கோபம், அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று—

ஏப்ரல் 10

டமானா. கப்பல் வெளியிலேயே நின்றது. பவளப்பாறை நடுவில் உள்ள வழியாகப் படகில் கொண்டுவந்தார்கள். அலை தூக்கிய ஒவ்வொரு தடவையும் அரிசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கரையில் பாதி ஊர் இருந்தது. டெபோரங்கா இல்லை. விடுதியைப் பார்த்துக்கொள்கிற டாபேயா என்பவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

"என்னை எப்படித் தெரியும்?"

"இந்தத் தீவுல நாய்க்குக்கூட உங்க பேரு தெரியும், அம்மா."

நாலு சுவர், இரும்புக் கட்டில், பூட்டு. புழுக்கம் தாங்கவில்லை. குழந்தை முந்நூறு அடி தூரத்தில் இருக்கிறது. போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. முதல் தடவை வருகிறவள் பெரியவர்கள் முன்னால் போய் உட்காராமல் எந்த வீட்டுப் பக்கமும் போகக் கூடாது.

ஏப்ரல் 11

ஊர்க்கூடத்தில் என்னை வரவேற்றார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே அவரவர் இடம். தூணுக்குத் தூண், தலைமுறை தலைமுறையாக அதே இடம். மாறி உட்கார்ந்தால் அடிதடியே நடக்கும். விருந்தாளிகளுக்கு ஒரு பக்கம் புதுப் பாய் போட்டிருந்தார்கள். புகையிலையை வைத்தேன். ஒரு பெரியவர் கேட்டார், "மகளே, நீ எங்க உட்கார்ற?"

மரியாதைக்குக் கேட்கிற கேள்விதான். பதிலும் தெரிந்ததுதான். எல்லாரும் அந்தப் புதுப் பாயைப் பார்த்தார்கள்.

"நான் ரூட்டாவோட பெரியம்மா. இந்தத் தீவுல எனக்கு அவளைத் தவிர யாருமில்ல. அவ இடம் எதுவோ, அதுக்குப் பின்னால உட்கார்றேன்" என்றேன். நடந்தேன். அத்தனை பேர் பார்க்க, அந்தக் கூடம் எவ்வளவு நீளம் தெரியுமா? கபுனாரே குடும்பத்து இடத்தின் ஓரத்தில், வெறும் கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

முன்னால் டெபோரங்காவின் முதுகு. இரண்டு தொடையிலும் இரண்டு குழந்தைகள். எது நம்முடையது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் திரும்பவில்லை. "ஏன், விடுதிக் கட்டில் குத்துதாக்கா?" என்றாள். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், தன் பாயை ஒரு முழம் பின்னால், என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஏப்ரல் 12

உன் கல்லறை வீட்டை ஒட்டியே இருக்கிறது. வெள்ளைக் கல் பரப்பி, சுற்றிலும் பெருக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத வரவில்லை.

டெபோரங்கா தேங்காய் துருவிக்கொண்டே நேராகக் கேட்டாள். "குழந்தையைத் தூக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். "ஆமா" என்றுதான் வந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ரூட்டாவைத் தூக்கி என் கையில் வைத்தாள். "இந்தாங்க."

உன் நெற்றி, உன் காது. என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அப்புறம் ஒரு அழுகை, ஊரே கேட்கிற மாதிரி. முதுகைத் தட்டினேன், ஆட்டினேன், உனக்குப் பாடினதைப் பாடினேன். இரண்டு கையையும் டெபோரங்கா பக்கம் நீட்டிக்கொண்டு துடித்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் பால். தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், உன் பிள்ளைக்கு ஒரு பக்கம்.

நானே திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த உடனே அழுகை நின்றது.

"உங்க வாசம் பழகணும். நாலு நாள்ல பழகிடும்" என்றாள் டெபோரங்கா. சமாதானம் சொல்கிறாளா, குத்துகிறாளா? தெரியவில்லை.

ஏப்ரல் 18

விருந்து. அரிசி போதவில்லை. ஆனால் யாரும் சொல்லவில்லை. மஞ்சள் கவுன் சின்னதாகப் போய்விட்டது. அன்றைக்குப் பிறந்த பிள்ளையையே மனசில் வைத்துத் தைத்திருக்கிறேன், பைத்தியம். டெபோரங்கா பக்கத் தையலைப் பிரித்துப் போட்டுவிட்டாள்.

ரூட்டா என் மடியில் கொஞ்ச நேரம் இருந்தாள். என் காதைப் பிடித்துக்கொண்டு.

ஏப்ரல் 26

கப்பல் திரும்பி வந்தது. காலையிலேயே விடுதிச் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டையோடு கரையில் நின்றேன். மடியில் வைத்துப் போகக் குழந்தை இல்லை. அதை நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

டெபோரங்கா இரண்டு பிள்ளைகளையும் இடுப்புக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த கப்பல் எப்பன்னு கேட்டேன். அவங்களுக்கே தெரியாதாம்" என்றாள்.

"ஆமா. எப்பவும் அப்படித்தானே?"

"தெரியாததும் நல்லதுக்குத்தான். அதுலயே போங்களேன். எனக்கு ரெண்டு இடுப்பு, ரெண்டு கைதான் இருக்கு. இவ நடக்க ஆரம்பிச்சா நான் யாரு பின்னால ஓடுறது?"

சொல்லிவிட்டு ரூட்டாவை என் இடுப்பில் வைத்தாள். மூட்டையைத் தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். படகுக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவரில்லாத அவர்கள் வீட்டு மேடையில் மூன்று பக்கமும் பாய், ஆள், குழந்தைத் துணி. கடலைப் பார்த்த மூலை மட்டும் காலி. பாயை எங்கே விரிப்பது என்று நின்றேன்.

"அதோ அந்த மூலை. அது உங்களுது" என்றாள். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரையும் படுக்க விடல. மோயா வயித்துப் பிள்ளையோட இருந்தப்பவே சொல்லி வச்சா. அக்கா வந்தா கடல் பக்கம் விடுங்க, காத்து இல்லாட்டி அவ தூங்க மாட்டான்னு."

பாயை விரித்தேன். காற்று வருகிறது. ரூட்டா தூங்குகிறாள்.

கால் வைக்கமாட்டேன் என்று நான்தானே சொல்லி அனுப்பினேன்? அது உன் காதுக்கு வந்த பிறகும், எதை நம்பி இந்த மூலையைப் பிடித்து வைத்தாய்?